ஏழாயிரம்

ரேஸ் கோர்ஸ் ஏட்டில் அவளுக்கு வேறு பெயர்,
நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஏதோ ஒரு சீமாட்டியின் பெயர்.
முன்னங்கால் வீங்கிய மறுவாரம்
நானும் இர்ஃபானும் பெள்ளியும்
ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கினோம்.
கொடுத்த விலையே கூப்பிடக் கூப்பிடப்
பெயராக நின்றுவிட்டது.

பகலில் நான் நடப்பேன்.
இதை யாரும் கவனித்ததில்லை.
குதிரைக்காரன் என்பார்கள்,
குதிரைமேல் என்னைப் பார்த்தவர் இல்லை.
ஏரியோரம் ஒரு ரவுண்டு முன்னூறு, போட்டோவுக்கு ஐம்பது.
மேலே திருப்பூர்ப் புதுமாப்பிள்ளை, மலப்புரத்து டீச்சர்,
அழுகிற குழந்தை, அழாத குழந்தை.
கீழே கயிறு, நான்,
சாணம் மிதித்த ரப்பர் செருப்பு.
மே மாதம் ஒரு நாளைக்குப் பதினெட்டுச் சுற்று.
கூட்டிப் பார்த்தால் இந்த ஐந்து வருடத்தில்
கன்னியாகுமரிக்கு நடந்தே போய்க் கடல் பார்த்துத் திரும்பியிருப்பேன்,
பலமுறை.

இரவு பதினொன்றுக்கு மேல்தான் ஊர் எங்களுடையது.
வர்க்கிக் கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகு,
புல்லில் உறைபனி பல் முளைக்கும் நேரம்,
காந்தலிலிருந்து கிளம்புவோம்.
சேணம் வேண்டாம், சாக்கு போதும்.
ஏடிஎம் வாட்ச்மேன் மஃப்ளரை இறக்கிப் பார்ப்பார்.
லாடம் தாரில் அடிக்கிற சத்தம்
மூடின கதவுகளில் முட்டித் திரும்பி
ஐம்பது குதிரை போகிறதென்று பொய் சொல்லும்.
சேரிங் கிராஸில் சிக்னல் எங்களுக்கில்லை.
அவள் மூச்சு எனக்கு முன்னால் வெள்ளையாகப் போகும்,
நான் அதற்குள் புகுந்து புகுந்து போவேன்.

சினிமாக்காரர்கள் வென்லாக் டவுன்ஸுக்கு வந்தார்கள்.
கதாநாயகனைப் பீப்பாய்மேல் உட்காரவைத்து ஆட்டினார்கள்.
ஓடுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
அவர் சட்டை எனக்குத் தொளதொளவென்று.
'முகத்தைத் திருப்பாதே' என்றார் ஒருத்தர்,
திருப்பாதபோதும் சொன்னார்.
எனக்கு ஆயிரத்தைந்நூறு,
குதிரைக்கு மூவாயிரம்.
நியாயம்தான்.

படம் வந்த அன்று பாதிக் காந்தல் தியேட்டரில்.
நாலு விநாடி. ஒரு முதுகு.
அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை.
ஆனால் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளையாய்
அந்த இடது பின்னங்கால் திரையைக் கடந்ததும்
பின்வரிசையிலிருந்து எழுந்தது:
'ஏழாயிரம்டோய்!'
விசில் அடங்குவதற்குள்
கதாநாயகன் இறங்கிக் காதலியைப் பார்த்துவிட்டார்.
அவருக்கு டூப் நான்.
அவளுக்கு டூப் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை
மார்க்கெட் வாசலில் முட்டைக்கோஸ் தழை மேய்ந்தாள் என்று
நகராட்சி பிடித்துப் போய்ப் பட்டியில் அடைத்தது.
போக்குவரத்துக்கு இடைஞ்சல்.
அபராதம் பத்தாயிரம்,
அவள் பெயரைவிட மூவாயிரம் அதிகம்.

சினிமாக் காசு, பெள்ளி கேரட் கழுவிய கூலி,
அடகுக்கடையில் இர்ஃபானின் மாமனார் போட்ட வாட்ச்.
எண்ணி முடித்த குமாஸ்தா கண்ணாடியை உயர்த்தி,
'எங்கேயோ பார்த்திருக்கேனே' என்றார்,
ஜன்னலுக்கு வெளியே அவளை.
ரசீதில் எழுதினார்:
கால்நடை, ஒன்று.

வெளியே பகல் பன்னிரண்டு மணி.
சீசன் கூட்டம், கோயம்புத்தூர் பஸ், ஹாரன்.
கயிற்றைப் பிடித்து நடக்கத்தான் நினைத்தேன்,
சத்தியமாக.
இரண்டு எட்டு வைத்தேன் கூட.
பிறகு என்னமோ, பிடரியைப் பற்றினேன், ஏறினேன்.
மேலேயிருந்து ஊர் வேறு மாதிரி இருக்கிறது,
ஆட்களின் உச்சந்தலை தெரிகிறது.

சேரிங் கிராஸில் ஒரு காரின் கண்ணாடி இறங்கியது.
'தம்பி, ரவுண்டு எவ்வளவு?'

'ஆள் இருக்குங்க' என்றேன்.