வாட்டம்

செம்மண்டலத்தில் போன மழைக்கு
ஸ்கூட்டி சீட்டுவரை கெடிலம்.
இந்த முறை ஜல்லி கொட்டித் திமிசு போட்டு
கம்பியும் கட்டியாயிற்று.

"பத்தடிக்கு ரெண்டு இன்ச் வாட்டம் வேணும்."
டியூப் லெவலின் ஒரு முனையை
என்னிடம் தந்தார் கொளஞ்சி மேஸ்திரி.
எந்தப் பக்கம் என்பதுதான் பேச்சு.
ரோடு, தார்மேல் தாராய், வாசலைவிட உயரம்.
மேற்கே சாய்த்தால்
ஜெசிந்தா டீச்சர் வீட்டுப் படி.

சுவருக்குமேல் டீச்சர் தலை.
எதுவும் கேட்கவில்லை;
குழாய்க்குள் குமிழியையே பார்த்திருந்தார்.

கிழக்கே முருங்கை, அதன் பின்னால் சாக்கடை.
வெட்டினோம்.

இருபத்தோரு நாள் பாத்தி கட்டி நனைத்தபின்
ஒரு குடம் கவிழ்த்தேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டுக்
கிழக்கே போனது தண்ணீர்,
நடுவில் உள்ளங்கையளவு தவிர.

கார் தை மாசம்தான்.
அதுவரை காக்கை குடிக்கட்டும்;
மேஸ்திரியிடம் சொல்லவில்லை.