வராம்

இரண்டு நாற்பது.
கடையாலுமூட்டிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள்,
பால்வெட்டு ஞானசிகாமணி, அறுபத்து மூன்று.
கண்ணின் வெள்ளை மஞ்சளித்து,
கட்டில் கம்பி கிடுகிடுக்கும் குளிர்.
பெயரைச் சரியாகச் சொன்னார்.
ஊரைக் கேட்டால்
மரங்களின் எண்ணிக்கையைச் சொன்னார்.

ஸ்கேனில் பித்தக்குழாய் பதினாறு மில்லிமீட்டர்.
அடியில் ஒரு கல்,
வாசலுக்குக் குறுக்கே படுத்த நாய்போல.
மேலே தேங்கியதெல்லாம் சீழாகி
ரத்தத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

போன வாரம் நாலாம் கட்டில் மரியபுஷ்பத்துக்கும்
இதே கல், இதே மஞ்சள்.
மருந்து ஏறிய இரவே காய்ச்சல் இறங்கி
காலையில் ஆப்பம் கேட்டார்.
வெள்ளிக்கிழமை வந்தவருக்குத் திங்கட்கிழமைதான் குழாய்.
அவசரப்படாததும் அன்று வைத்தியமாக இருந்தது.

அதை நினைத்துத்தானோ என்னவோ
‘எட்டு மணிக்கு’ என்று
என் கை தானாக எழுதிவிட்டது.
எட்டு மணிக்கு எல்லாரும் இருப்பார்கள்.
மயக்க டாக்டர்,
எக்ஸ்ரே கருவியைத் தட்டி எழுப்பத் தெரிந்த ஜெபசிங்,
முகம் கழுவிய என் தைரியம்.

இரண்டு லிட்டர் சலைன் போன பிறகும்
மேல் அழுத்தம் எழுபத்தெட்டு.
மூத்திரப் பையில் ஒரு கரண்டி,
கடுஞ்சாயா நிறத்தில்.
தட்டணுக்கள் அறுபதாயிரம்.
மூன்று பத்துக்கு
அவர் மரங்களையும் எண்ணவில்லை.

எழுதியதை அடித்தேன்.

பாறசாலையில் டாக்டர் ஸ்ரீகண்டன்
இரண்டாம் மணியிலேயே எடுத்தார்.
எண்களை மட்டும் சொன்னேன்.
“வராம்.” வைத்துவிட்டார்.
பக்கத்தில் நின்ற சிஸ்டர் விமலாவுக்கு
அம்பாசமுத்திரம், சேர்ந்து ஒன்பது நாள்.
முகம் வெளுத்து,
“வராமலா டாக்டர்?” என்றாள்.
வருகிறேன் என்கிறார், என்றேன்.
எல்லை எட்டு கிலோமீட்டர்தான்.
ஒரு சொல் தலைகீழாக
அவ்வளவு தூரம் போதும்.

களியக்காவிளையில் கோழி லாரிகளுக்குப் பின்னால்
அவர் மாட்டிக்கொண்ட பதினோரு நிமிடத்தில்
நார்அட்ரினலின் துளித்துளியாகப் போய்
அழுத்தத்தைத் தொண்ணூறில் பிடித்தது.
ஆன்டிபயாட்டிக் முதல் பாட்டில் தீர்ந்தது.
ஜெபசிங் லுங்கியோடு வந்து சேர்ந்தான்.
லாரிகளுக்கு நன்றி சொல்ல மாட்டேன்,
ஆனாலும் அழுத்தம் இல்லாத ஆளை
மேசையில் சாய்த்திருக்க முடியாது.

கம்பி உள்ளே நுழைந்ததும்
திரையில் பழங்கஞ்சிபோல் பீறிட்டது.
யாரும் பேசவில்லை.
“கல்?” என்றேன்.
“அது அவிடெ இரிக்கட்டே.”
கத்தி வைக்கவில்லை, கல்லைத் தொடவில்லை,
அதன் விலாவோரமாக
ஒரு விரல்நீளக் குழாயைச் செருகி
வெளியே வந்தார். பன்னிரண்டு நிமிடம்.

வராந்தாவில் ரோஸ்லெட் பாய்.
மஸ்கட்டில் மோனை விளிச்சிருக்கிறார்,
விடியட்டும் என்றானாம் அவன்.
இவர் ஃபோனை அணைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்.
“கல்ல எடுத்தாச்சா?”
இல்லம்மா, வழி விட்டிருக்கு. கல்லுக்கு இன்னொரு நாள்.
மீன்காரியிடம் செவுளைத் திறந்து பார்ப்பதுபோல்
என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு கடிகாரத்தை. நாலு ஐம்பது.
“இப்பம் போனா நூற்றம்பது மரமாவது வெட்டலாம்.
வெயில் ஏறினா பால் நிண்ணுபோவும்.”

போகவில்லை.
உள்ளே விட்டதும்
ஸ்டூலை மூத்திரப் பையின் பக்கம் இழுத்துப்போட்டு
கோடுகளை எண்ண உட்கார்ந்தார்.
இருபது.
வெளியே முதல் பேச்சிப்பாறை பஸ் உறுமியது.
நாற்பத்தைந்து.