லாரி வரும் செவ்வாய்

பிப்ரவரியில் சீலோவேத் தீவில்
மழை கொஞ்சம் மூச்சு வாங்கும்.
அந்த இடைவெளியில்தான் கிணறுகள் அடி தட்டுகின்றன.
அந்த இடைவெளியில்தான் நானும் வந்தேன்,
வால்திவியாவிலிருந்து பேருந்தும் படகுமாக,
நூற்றிருபது படிவங்களை
நனையாமல் உருளைக்கிழங்குச் சாக்கில் சுற்றிக்கொண்டு.

முதல் கேள்வி சுலபம்: வீட்டில் எத்தனை பேர்?
பதினான்காவதை எழுதியவள் நான்தான்:
இந்தச் சதுப்பு இப்படியே இருக்க
மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்?

எர்சில்யா குவென்தேயோ
கவைக்கோலைப் பாசியில் குத்தி நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.
"கொடுப்பதா?
அது யாரிடமும் கேட்டுக்கொண்டா இருக்கிறது?"
சுழியம் என்று எழுதினேன்.
ஓரத்தில்: கேள்வியையே ஏற்கவில்லை.
பாடநூல்படி
இப்படிப்பட்டவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

ரிகோபெர்தோ மான்சில்யா
கேள்வியைக் குப்புறப் போட்டான்.
"எவ்வளவு தந்தால் பிடுங்காமல் இருப்பேன்,
அதைக் கேள்."
கேட்டேன்.
மற்றவர்கள் கொடுப்பதாகச் சொன்னதைப்போல் ஏழு மடங்கு.
இந்த ஏழுக்கும் பாடநூலில் ஒரு பெயர் உண்டு.
அவனிடம் அதைச் சொல்லவில்லை.
மகளின் பல் வைத்தியத்துக்கு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

காய்ந்த பாசி கையில் இருப்பதே தெரியாது.
தன் எடையைப்போல் இருபது மடங்கு நீரைப்
பிடித்துவைத்திருந்த ஒன்றை
நீரைக் கழித்துவிட்டு
எடைபோட்டு வாங்குகிறார்கள்.
கடல் தாண்டி எங்கோ
ஓர் ஆர்க்கிட் செடியின் வேர்
அதற்குள் சில்லென்று உறங்கும்.

செவ்வாய்க்கிழமை நகராட்சி லாரி வருகிறது.
பீப்பாய், வாளி, பால் கேன்,
ஒரு வீட்டில் குழந்தையின் குளியல் தொட்டி.
ஓட்டுநர் கையெழுத்து வாங்குகிறார்.
அந்தக் கையெழுத்துகளோடு
கீழ்த்தளக் கிடங்கில் மூன்று நாள் உட்கார்ந்தேன்.
டீசல், கூலி, டயர்,
பாலத்தில் சரிந்த வண்டியைத் தூக்கிய கிரேன்.
பாசி மூட்டைகளின் ஏடு மேல்மாடியில்.
ஒரே கட்டிடம், ஒரே படிக்கட்டு;
இரண்டையும் ஒருவர் கையில்
யாரும் பார்த்ததில்லையாம்.

வரவு என்றால் வருவது.
செலவு என்றால் போவது.
இங்கே வருவது லாரி, போவது நீர்.
ஏட்டிலோ
லாரிதான் செலவு, பாசிதான் வரவு.

கூட்டத்தில் ஒற்றைத் தாளாக நீட்டினேன்:
பாசியில் நூறு பேசோ வந்தால்
லாரியில் நூற்று நாற்பது போகிறது.
"அப்படியானால் தடைசெய்" என்றார் ஒரு கவுன்சிலர்,
மூட்டை கட்டியே பழகாத கைகளோடு.
பின்வரிசையில் மான்சில்யா எழுந்தான்.
"லாரிக் காசில் பாதியை எங்களுக்குத் தாருங்கள்.
பாசியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்."
சிரித்தார்கள்.
சிரிப்பு முடிந்த இடத்தில்
செயலாளரின் பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முடிவு ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.
ஏப்ரலில் மழை கொட்டும்,
பிப்ரவரி யாருக்கும் நினைவிருக்காது.
இந்த மறதியை
ஆண்டுக்கு நான்கு சதவீதம் என்று
என் ஆய்வேட்டில் போட்டிருக்கிறேன்.
குறைவாகப் போட்டுவிட்டேனோ என்னவோ.

எர்சில்யாவை நீக்கவில்லை.
பேராசிரியர் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்:
இந்த வரிசை ஏன் இன்னும் இருக்கிறது?
படிவத்தின் ஓரத்தில் அவள் பெருவிரல் ஈரம்
பழுப்பாகக் காய்ந்திருக்கிறது.
பதில் எழுத உட்கார்ந்து
முதலில் தேதியைப் போட்டேன்.
செவ்வாய்.