அரை மணித்தியாலம்

கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நான் டைம்கீப்பர்.
எந்த அரசு என்று என்னிடம் கேட்காதீர்கள்,
பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.
அதற்கே ஒரு காலத்தில்
இரண்டு விடை இருந்தது.

பனங்காமத்து வன்னியன்
ஒல்லாந்தனுக்குத் திறையாக யானை கட்டிய நாளில்
தவணை சொன்னது மழைதான்.
மாரி விட்டால் பிடிப்பார்கள்,
சேறு காய்ந்தால் நடத்திப் போவார்கள்.
யானை பிந்தினால் ஒல்லாந்தன் கடிதம் எழுதுவான்.
கடிதமும் பிந்தும்.

வெள்ளைக்காரன் றெயில் விட்டான்.
நிமிடம் என்ற ஒன்று
அதில்தான் ஏறி வன்னிக்கு வந்தது.
அதுவரை நாழிகை இருந்தது,
நுளம்பு இருந்தது, குளிர்காய்ச்சல் இருந்தது.
பிறகு காடு வெட்டி, காணி பிரித்து,
வாய்க்கால் தண்ணீரையும்
மணிக்கணக்கில் திறந்தார்கள்.

ஒருநாள் றெயில் வரவில்லை.
தண்டவாளத்தைக் கழற்றிப்
பதுங்குகுழிக்கு மேல் அடுக்கினார்கள்.
மிஞ்சிய ஒரு முழத் துண்டை
வேம்பில் கட்டித் தொங்கவிட்டேன்.
அடித்தால்
முல்லைத்தீவு பஸ் வெளிக்கிடும்,
மண்ணெண்ணெய்ப் புகையோடு.

தொண்ணூற்றாறில் கொழும்பு
மின்சாரம் மிச்சம் பிடிக்க
மணிக்கூட்டு முள்ளை முன்னுக்குத் தள்ளியது.
எங்களிடம் மின்சாரமே இல்லை,
நாங்கள் ஏன் தள்ளுவான்?
இயக்கத்தின் ஊரில் பழைய நேரம்.
ஆமி வந்தது, புதிய நேரம்;
மணி கேட்க ஊரில் ஒரு சனமில்லை.
ஆமி போனது.
கூரையில்லாத வீடுகளுக்குத் திரும்பி வந்தோம்,
பழைய நேரத்தோடு.

ஓமந்தையில் பாதை திறந்தபோது
அங்கே பத்து மணிக்கு வரிசையில் நின்றவன்
இந்தக் கரையில்
ஒன்பதே முக்காலுக்கு நிற்பான்.
"இளமையாகிப் போனன் அண்ணை!"
கொண்டக்டர் அரியகுட்டி ஒவ்வொரு முறையும் சிரிப்பான்.
போகும்போது அதைத் திருப்பிக் குடுக்கவேணும் என்று
அவனுக்குத் தெரியும்.

அவன் மனிசிக்கு வலி கண்டது
இரண்டு காவலுக்கும் நடுவில்,
செஞ்சிலுவை வானுக்குள்.
பெட்டைப் பிள்ளை.
பதினொன்று பத்து என்று தாதி எழுதிக் கொடுத்தாள்.
எந்தப் பக்கத்துப் பதினொன்று பத்து
என்று எழுதவில்லை.
ஒரு மணிக்கூட்டுக்குக் கன்னி லக்கினம்,
மற்றதுக்குத் துலாம்.
சாத்திரியார் இரண்டு சாதகம் எழுதி
இரண்டுக்கும் காசு வாங்கினார்.

இரண்டாயிரத்தாறு சித்திரையில்
கொழும்பு முள்ளைப் பின்னுக்கு இழுத்தது.
எல்லாருக்கும் ஒரே நேரம்.
ஆவணி பிறக்கமுன்
பாதையைப் பூட்டினார்கள்.

என் ஏட்டில்
மார்கழி வரை எழுத்து இருக்கிறது.
பிறகு வெறும் கோடுகள்.
அதை இடுப்பில் கட்டிக்கொண்டு
கடற்கரை வரைக்கும் போனேன்.
அரியகுட்டி போனது எத்தனை மணிக்கு என்று
அவன் மனிசி கேட்கிறாள்.
திவசத்துக்குத் திதி வேணுமாம்.
நான்தானே டைம்கீப்பர்.
"வெளிச்சமாய் இருந்தது" என்றேன்.
விடிந்த வெளிச்சமா, மற்றதா,
அவளும் கேட்கவில்லை.

இப்போது புது பஸ் நிலையம்.
பெயர்ப்பலகையில் தமிழுக்கு ஒரு கொம்பு குறைவு.
றெயிலும் வந்துவிட்டது.
அரியகுட்டியின் மகள் அபிநிலா
ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள்.
வாசலில் பெருவிரல் வைக்கவேண்டும்.
ஒரு நிமிடம் பிந்தினாலும்
அரை மணித்தியாலச் சம்பளம் வெட்டு.

"மாமா, பஸ்ஸைக் கொஞ்சம் முந்தி விடுங்கோவன்."

விடுகிறேன்.
ஏட்டில் ஆறு இருபது என்று எழுதிவிட்டு
ஆறு பதினைந்துக்கு விடுகிறேன்.
இந்த ஊரில் நேரத்தில் கைவைத்தவர்களில்
ஆகச் சின்ன அரசு நான்தான்.

பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பேர்
மணிக்கூட்டைக் காட்டி
என்னை ஏசிக்கொண்டு நிற்கிறார்கள்.
அவர்கள் சொல்வதும் சரிதான்.