கூப்பிட்டுப் பார்த்தல்

நெல்லித்தோப்பில் எங்கள் மொட்டைமாடியில்
துணிக்கொடிக்குக் கீழே நின்று
பெயர்களைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.
பிள்ளை பிறந்து பதினேழு நாள்.
நகராட்சிப் படிவத்தில்
அப்பா பெயர் உண்டு, அம்மா பெயர் உண்டு,
எடைகூட உண்டு, இரண்டு கிலோ எழுநூறு.
அவள் பெயருக்கான கட்டம் மட்டும்
இன்னும் ஆணி அடிக்காத சுவர்.

விண்ணரசி என்பது என் பெயர்.
பாரீஸ் விமான நிலையத்தில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவன்
சூடான பாத்திரத்தைத் தூக்கியவன்போல்
பாதியிலேயே கீழே வைத்துவிட்டான்.
மதாம் வின் ஆனேன்.
அரசியை அந்த வரிசையிலேயே விட்டுவிட்டு
ரயில் பிடித்தேன்.
என் மகளை யாரும் பாதியில் வைக்கக்கூடாது.

லியோனிலிருந்து ழில்பேர்
தினம் ஒரு குரல்பதிவு அனுப்புகிறான்.
கேண்டீனில் கூட வேலை செய்பவளிடம்
சீட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பிடித்தது.
பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.
யாழினி, அவள் வாயில் யாலினி.
தேன்மொழி, தொண்டைக்குள் எதையோ தேடிவிட்டு
தென்மொசி.
தேவி என்றதும் சிரித்தாளாம்,
அவர்கள் பேச்சில் அது
தடம் மாறிப் போவதாம்.
மீராவின் நடுவில் ஒரு கரகரப்பு.
லீலா மட்டும் கீறலில்லாமல் வந்தது.

ழகரம் அவர்களுக்கு வராது.
ஆனால் பாருங்கள், இந்த ஊரில்
அவர்களுடைய ழானையும் ழாக்கையும்
என் வீட்டு ழில்பேரையும்
அந்த எழுத்தைப் போட்டுத்தான் எழுதுகிறோம்.
கொடுத்த கடன். வட்டிகூட வரவில்லை.

மாமனார், பென்ஷன் வாங்கும் சொல்தா,
கோடு போட்ட தாளில் தனி வரிசை வைத்திருக்கிறார்:
ஒதெத், சிமோன், ழெர்மேன்.
எந்தக் காலத்துக்கும் நிற்கும் என்கிறார்.
நிற்கும்தான். உட்கார யார் சொல்வார்கள்?
அன்னா என்றால் இங்கே அண்ணனாகிவிடுவாள்.
எம்மா, அங்கே வகுப்புக்கு நாலு பேர்,
இங்கே
எம்மா, சங்கரா இருக்கு, நெத்திலி இருக்கு என்று
வாசலில் கூடை இறக்கும் குரல்.
அதற்கு நான்தான் திரும்புவேன்.

எழுதிப் பார்த்தது போதும் என்றுதான்
மாடிக்கு வந்தேன்.
பள்ளிவிட்டு ஓடுகிறவளை
ஆட்டோ சத்தத்துக்கு மேலே நிறுத்த வேண்டும்,
பெயர் அதற்குத்தானே.
மீரா! ஒரு காகம் எழுந்து உட்கார்ந்தது.
தாரா! எதிர்வீட்டில் ஜன்னல் சாத்தினார்கள்.
லீலா!

கீழே, இஸ்திரி வண்டிக்குப் பின்னாலிருந்து
ஒரு முகம் நிமிர்ந்தது.
என்னம்மா, கூப்டீங்களா?

எட்டு வருஷமாக எங்கள் சட்டைகளைத் தேய்ப்பவள்.
இஸ்திரிக்காரம்மா என்போம்.
அவள் கணக்கு நோட்டில் நாங்களும்
'சர்ச் பக்கத்து மாடிவீடு'தான்.
உங்க பேரு லீலாவா?
ஆமா, எங்கப்பா வெச்சது.
யாரு சொன்னா உங்களுக்கு?

யாரும் சொல்லவில்லை.
லியோனில் தேறிய பெயர்,
ரேயூனியன் சித்தப்பா வீட்டிலும்
ஒரே மூச்சில் தேறிய பெயர்,
பன்னிரண்டு வீடுள்ள இந்தத் தெருவில்
எட்டு வருஷமாக
வண்டிக்கு அந்தப் பக்கமே நின்றிருக்கிறது.

பாப்பாவுக்குப் பேர் பாக்கறேன் என்றேன்.
கரியை ஊதினாள், சாம்பல் பறந்தது.
நல்ல பேருதான்.
கூப்பிடணும், அவ்ளோதான்.

கட்டத்தில் எழுதிவிட்டேன்.
தமிழில் இரண்டே எழுத்து, இடம் மிச்சம்.
லிலா, அங்கே அது வசந்தத்தில் பூக்கும் ஊதாப்பூ என்று
மாமனார் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்,
ஏதோ தானே ஜெயித்ததுபோல.

மாலையில் துணி வாங்கப் போனேன்.
பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.
என் தோளில் கிடந்தவள் அசையவில்லை, நல்ல தூக்கம்.
திரும்பியவள்
ஏழு சட்டை, எழுபது ரூபா என்றாள்.