அரைப் பேர்

காலை ஏழரைக்குக் கினிகமச் சந்தியில்
அம்புக்குறி போட்ட பலகையை டிலுக்சன் கையில் கொடுத்தேன்.
வீடு விற்பனைக்கு. இன்று பார்க்கலாம்.
மூடுபனி அம்பின் முனையை மட்டும் தின்றிருந்தது.

பதினாறு பேர்ச், மூன்று அறை.
ஆறு மாதம் ஆளில்லாத வீடு
கதவைத் திறந்ததும் நனைந்த நாய் வாசம்.
பைப் முதலில் இருமியது,
பிறகு செங்காவியாய்க் கக்கியது,
அப்புறம்தான் தண்ணீர் என்று ஒப்புக்கொண்டது.
குளியலறைப் பூஞ்சணத்தைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன்.
இஞ்சி பிஸ்கட் இரண்டு பைக்கற், பால்மா,
காகிதக் கோப்பை ஐம்பது,
எல்லாம் என் பேர்ஸிலிருந்து.
மெல்பேர்னில் திருமதி அபேகோன் அந்நேரம்
பகல் சாப்பாட்டில் இருந்திருப்பார்.

கொழும்பிலிருந்து பென்ஷன் சோடி ஒன்று வந்தது.
"வெயில் எந்தப் பக்கம் வரும்?"
வந்தால் இந்தப் பக்கம், என்றேன்.
பக்கத்து வீட்டுக்காரி டைல்ஸ் பார்க்க வந்தாள்.
தன்னுடையதைவிட மலிவு என்று திருப்தியாய்ப் போனாள்.
கல்யாணமாகப் போகிற இருவர்
ஜன்னலடியில் பன்னிரண்டு படம் எடுத்தார்கள்,
விலையைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து
பிஸ்கட் எடுத்துக்கொண்டார்கள்.
அளவு நாடாவோடு வந்தவர் ஒன்றுமே கேட்கவில்லை.
மேசையில் கிடந்த கரண்ட் பில்லில்
உரிமையாளர் பெயரைக் குனிந்து படித்தார்.
பார்த்தேன்.
பார்க்காத மாதிரி தேத்தண்ணி நீட்டினேன்.

இரண்டு மணிக்கு மழை.
பிறகு யாரும் இல்லை, நானும் பிஸ்கட்டும்.

அக்கா கொழுந்தெடுக்கும் தோட்டத்தில்
கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள்.
அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து
கணக்குப்பிள்ளையின் ஏழு தலைமுறையையும் கூப்பிடுவாள்.
எனக்கு அந்த அரையும் இல்லை.
அவளிடம் இதற்கு 'பிஸ்னஸ்' என்று
பெயர் சொல்லி வைத்திருக்கிறேன்.

திருமதி அபேகோன் ஒருதரம் சொன்னார், கோபமில்லாமல்தான்:
"நிற்பதற்குக் காசு தந்தால் நிற்பீர்கள்.
விற்க மாட்டீர்கள்."
அது பொய் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது.
மூன்று வீதம் கண்ணுக்கு முன்னால் ஆடாவிட்டால்
அந்தப் பூஞ்சணத்தை அவ்வளவு தேய்த்திருப்பேனா?
இன்னொன்றும் இருக்கிறது, அவருக்குத் தெரியாது.
பென்ஷன் சோடி என் நம்பரை வாங்கிப் போனது,
தியத்தலாவையில் வேறொரு காணிக்காக.
அவர் வீட்டுக்குள் என் கடையை விரித்திருந்தேன்,
வாடகை கொடுக்காமல்.

ஐந்து மணிக்கு டிலுக்சன் வந்தான்.
பலகையைத் தலைக்குமேல் குடையாய்ப் பிடித்திருந்தான்;
அம்பு இப்போது வானத்தைக் காட்டியது.
"எவ்வளவுக்கா?"
யோசிக்குமுன் என் வாய் பேசிவிட்டது:
"வித்ததும் பார்த்துக்கலாம் தம்பி."

பலகையைச் சுவரில் சாத்தினான்.
சட்டை நுனியைப் பிழிந்தான்.
"விக்கிறது ஒங்க வேல.
நா நின்னேன்.
நின்னது முடிஞ்சிருச்சே."

ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன்.
பஸ்ஸுக்கு நூறு. மீதிப் பிஸ்கட்டும்.

ராத்திரி பத்து மணிக்கு ஒரு பில் எழுதினேன்.
பிஸ்கட், பால்மா, கோப்பை,
சந்தியில் நின்ற ஆளுக்கு.
கடைசி வரியில் என்ன எழுதுவது?
'சேவைக் கட்டணம்' என்று போட்டு அழித்தேன்.
அது யாரோ டை கட்டியவர் வாங்கும் காசு.
'வீட்டைத் திறந்துவைத்து நின்றதற்கு' என்று எழுதினேன்,
தொகையை இரண்டுதரம் குறைத்தேன்,
கோபம் வந்து ஒருதரம் கூட்டினேன்,
படம் பிடித்து அனுப்பிவிட்டு
போனைத் தலையணைக்கடியில் தள்ளினேன்.

விடியமுன் நாலரைக்குப் பதில்.
அளவு நாடாக்காரரைப் பற்றி ஒன்றும் இல்லை,
காசைப் பற்றியும் இல்லை.
ஒரே ஒரு வரி:

"மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது?"