பாக்கி

படிவத்தில் வயது கேட்டிருந்தது. அறுபத்தொன்று.
முன்பு செய்த வேலை. நடத்துநர், ராணித்தோட்டம் பணிமனை.
ஏன் சேர விரும்புகிறீர்கள் என்பதற்கு
மூன்று வரி விட்டிருந்தார்கள்.
டிக்கெட்டின் பின்பக்கம் கிறுக்குகிற அளவுக்குக்கூட
எனக்கு ஒன்றும் வரவில்லை.
வீட்டுல சும்மா இருந்து மடுத்துப்போச்சு சிஸ்டர் என்றேன்.
ஜெயகிறிஸ்டா சிஸ்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மஞ்சள் மேல்சட்டை ஒன்று தந்தார்கள்.
முதுகில் தன்னார்வலர் என்று அச்சடித்திருந்தது.
குலசேகரத்தில் பால்வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டு
துணி சுற்றி வந்தவர் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு
இது எந்தக் கட்சி அண்ணே என்றார்.

இந்த ஆசாரிபள்ளத்துக்கு
எத்தனையோ வருடம் ஆள் இறக்கியிருக்கிறேன்.
ஆஸ்பத்திரி எறங்கு, ஆஸ்பத்திரி எறங்கு,
கம்பைப் பிடி, குழந்தையைப் பிடி,
ரைட்.
பெருவிளை வருவதற்குள் மறந்துபோகும்.
டிபி ஆஸ்பத்திரியாக இருந்த நாட்களில்
இருமுகிறவர் பக்கத்து சீட்
கூட்டத்திலும் காலியாகவே வரும்.
நானும் அவர்கள் நீட்டிய நோட்டை
நகநுனியால்தான் வாங்கினேன்.
அதைப் படிவத்தில் எழுத முடியுமா?

இப்போது ஓ.பி. சீட்டுகளை நீளவாக்கில் மடித்து
விரலிடுக்குகளில் செருகி வைக்கிறேன்.
ஆள்காட்டி விரலில் எலும்பு, நடுவிரலில் கண்,
மோதிர விரலில் சர்க்கரை.
வரிசை நெளிந்தால் வாய் தானாகச் சொல்கிறது
உள்ள போங்க, உள்ள போங்க.
உள்ளே போக இடமிருந்தால்தானே என்று
ஒரு பெண் சிரித்தாள். மடியில் காய்ச்சல்காரப் பிள்ளை.

சக்கர நாற்காலிக்கு இடதுபக்கம் இழுக்கும் குணம்.
ஸ்கேனுக்குப் போகும் சரிவில்
டிரைவர் செல்லையன் பிரேக் பிடிப்பதுபோல
குதிகாலை ஊன்றிக்கொள்ள வேண்டும்.
மூன்றாம் நாளே முழங்கால் வீங்கியது.
மூட்டு டாக்டரிடம் காட்ட
நானும் வரிசையில் நின்றேன்.
மஞ்சள் சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன்,
எதற்கு என்று தெரியவில்லை.

சேசடிமையை ஒரு செவ்வாய்க்கிழமை தள்ளிக்கொண்டு போனேன்.
கடியப்பட்டணம். இடுப்பெலும்பு.
மகன் கொச்சிப் பக்கம் ஆழ்கடலில்.
போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று
ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது.
எக்ஸ்ரே வாசலில்
அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், கொஞ்ச நேரம்.

நீரு கொளச்சல் வண்டியில நின்ன கண்டக்டர்லா?

ஆமா.

எனக்கு ஒண்ணேகால் ரூவா பாக்கி தரணும் ஓய்.
சீட்டுக்குப் பொறத்தால எழுதித் தந்தீரு.
எறங்கும்போ வாங்கும்னு சொன்னீரு.
எறங்குன ஒடனே விசிலூதிட்டீரு.

எந்த வருடம், எந்த டிரிப்,
எனக்கு எப்படித் தெரியும்?
பொய்யாகவும் இருக்கலாம்.
பாக்கெட்டில் தேடி இரண்டு ரூபாய் நாணயம் கொடுத்தேன்.
உப்பில் ஊறித் தடித்த உள்ளங்கை.
என் விரல்கள் முழுசாக அதில் பட்டன.

அவர் நாணயத்தைத் திருப்பிப் பார்த்தார்.
முக்கா ரூவா கூடுதலு.
இப்போ கையில சில்லற இல்ல.
நாளைக்கு வாரும், தாறேன்.

நாளை என் முறை இல்லை.
வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்றுதான்
கையெழுத்துப் போட்டிருந்தேன்.

சாயங்காலம் வார்டு வாசலில்
உடனிருப்பவருக்கான சீட்டை நீட்டினார் சிஸ்டர்.
ராத்திரி இவருக்கு யாருமில்ல, நீங்க இருப்பீங்களா,
கட்டாயம் ஒண்ணும் இல்ல.
பெயர்: தாணுலிங்கம்.
உறவுமுறை என்ற கட்டத்தில் பேனா நின்றது.
வெளியே கடைசிக்கு முந்தின வண்டி
விசில் கொடுத்துப் புறப்பட்டது.
புதுப் பையன், விசில் நீளமாக ஊதுகிறான்.

பாக்கி என்று எழுதினேன்.

காவலாளி விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு
பாக்கியமா, அது யாரு, பெண்டாட்டியா என்றார்.
ஒரு சாயா வாங்கிட்டு வாறேன் என்று
தூக்குவாளியை எடுத்துக்கொண்டேன்.